நான் போட்ட அம்பு

ஜூலை 3, வியாழன்
எனக்கும் தேஜஸ்ரீக்கும் ஆய்வகத்தில் ஒரே எஃகுத் தகடு, அதிலிருந்து வெட்டிய ஒரே பட்டைகள். ஆலையில் உருட்டிய திசை இதுதான் என்று அம்பு போட்டு வெட்டியது நான். ஒரு திசையில் இழுத்துவிட்டுத் திசை மாற்றி இழுத்தால் தகடு எவ்வளவு இறுகும் என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் அவள் கணக்குக் கோடு சோதனைப் புள்ளிகள் மேலேயே போகிறது. என்னுடையது எங்கோ போகிறது.

"பிரமாதம்மா" என்றார் தண்டாயுதபாணி சார் அவளிடம். என்னிடம், "நாகஜோதி, நீங்க மறுபடி பாருங்க."

சென்னைக் கருத்தரங்குக்கு ஒருவர்தான் போக முடியும். கார் கம்பெனிக்காரர்கள் அங்கேயே வேலைக்கு ஆள் எடுப்பார்கள். அவளுக்கு எதற்கு வேலை? அவள் அப்பாவுக்குச் சொந்தமாகப் பனியன் கம்பெனி. என் அப்பா அப்படியொரு கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர்.

ஜூலை 4
வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், போதும்.

ஜூலை 8
சென்னைக்கு அவள் பெயர் போய்விட்டது. எல்லோருக்கும் மைசூர்பாகு. "அக்கா, ரெண்டா எடுத்துக்கோங்க." ஒன்று எடுத்தேன். நன்றாக வேறு இருந்தது, சனியன்.

ஜூலை 10
மிச்சத் தகட்டை ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். ஆலையில் உருட்டியபோது விழுந்த மெல்லிய கீறல்கள், நான் சாக்பீஸில் போட்ட அம்புக்குக் குறுக்கே ஓடுகின்றன.

ஐயோ! அப்பா துணியில் போடுவதுபோல நீளப் பக்கமாக அம்பு போட்டுத் தொலைத்திருக்கிறேன். துணி சுருளிலிருந்து நீளவாக்கில்தான் வரும். இதுவோ அகலமான சுருளிலிருந்து குட்டையாக நறுக்கிய துண்டு; இதன் நீளப் பக்கம்தான் சுருளின் அகலம். எல்லாப் பட்டைக்கும் திசை தப்பு.

திசையை மாற்றிக் கணக்குப் போட்டேன். என் கோடு புள்ளிகள் மேல் அப்படியே உட்கார்ந்தது. அவளுடையது? தப்பான திசைக்கு எண்களைத் தட்டிக்கொட்டிப் பொருத்தியது. அம்போ.

ஜூலை 11
சொல்லலாமா? தப்பு என்னுடையது. சொல்லாவிட்டால் சென்னையில் யாராவது கேட்பார்கள், அவள் முழிப்பாள். முழிக்கட்டுமே! சீ, என்ன புத்தி இது — ஆனால் நினைக்க இனிக்கத்தான் செய்கிறது.

அம்பு மாறி வெட்டிய பனியன் ஒரே துவைப்பில் கோணிக்கொள்ளும். வெட்டினது யாரென்று உடனே தேடுவார்கள். வேண்டுமென்றே செய்தேன் என்பார்களே.

ஜூலை 14
சார் எதிரிலேயே தேஜஸ்ரீயிடம் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அழட்டும் என்றும் நினைத்தேன். தகட்டை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆமாங்க்கா. நானும் பாக்காம உட்டுட்டேன். நல்லவேளை சொன்னீங்க, இல்லாட்டி அங்க போயி மானம் போயிருக்கும்." பிறகு சாரிடம், "அக்காவோடதுதானுங்க சார் சரி. அவிங்களே போகட்டுங்க."

இந்தப் பெருந்தன்மையும் அவளுக்கேவா வரணும்? எனக்கு ஏன் வரல?

ஜூலை 21
சென்னைக்கு என் பெயர்.

புதுத் தகடு வந்தது. இருவரும் வெயிலில் கீறல்களைப் பார்த்தோம். தேஜஸ்ரீ சாக்பீஸை என்னிடமே நீட்டினாள். "அம்பு நீங்களே போடுங்க்கா."

போட்டேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சாக்பீஸைக் கொடுத்திருக்க மாட்டேன்.