மூன்றாம் நபரின் ஆட்சேபம்

தூத்துக்குடி,
29-12-2025.

அன்புள்ள அண்ணன் விஜயராஜுக்கு, கூடப்பிறந்த பிலோமி எழுதிக்கொள்வது. நானும் மகள் அனிஷாவும் சுகம். மதினி சுகமா?

கிறிஸ்துமஸுக்கு நீ அனிஷா பேரில் அனுப்பிய காப்பித்தூள் வந்து சேர்ந்தது. புதுச் செடியின் முதல் காய் என்று பொட்டலத்தின் மேல் எழுதியிருந்தாய். நல்ல மணம். அந்தச் செடி யார் பேரைச் சொல்லி வாங்கிய செடி என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன் வீட்டுச் சேதி. அனிஷா அப்பா, உன் மாப்பிள்ளை, வெள்ளிக்கிழமை தோணி ஏறிவிட்டார். மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிப் போகிறார்கள். திரும்பிவர ஜனவரி பாதி ஆகும். முட்டுவலி இருக்கிறது, மாத்திரையை டப்பாவில் போட்டு அனுப்பினேன், சாப்பிடுவாரா தெரியாது. அனிஷா நர்சிங் முடித்துவிட்டு மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு இன்டர்வியூ போய்விட்டு வந்திருக்கிறாள். இங்கே மழை விட்டு நாலு நாள் ஆகியும் எங்கள் தெருவில் தண்ணீர் வடியவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் மதினியும் இதைப் படிக்க வேண்டும், அவளுக்கு நீ வேறு கதை சொல்லியிருப்பாய்.

அப்பா ஏரலிலிருந்து எஸ்டேட் வேலைக்கு மலையேறிப் போய்ச் சிறுகச் சிறுக வாங்கியது ஐந்து ஏக்கர். மூன்று உனக்கு. என் கல்யாணத்தின்போது மீதி இரண்டை மருமகன் பேரிலேயே எழுதிக் கொடுத்தார். கடலில் போகிற மனுஷனுக்குக் காப்பிச் செடியைப் பற்றி என்ன தெரியும். நீயே பார்த்துக்கொள் என்று விட்டோம். காய் விற்ற பணம் போட அங்கே பாங்கில் அவர் பேரில் கணக்குத் திறந்து, கார்டையும் உன் கையிலேயே கொடுத்தோம்.

மூன்று வருஷத்துக்கு முன் பழைய செடியைப் பிடுங்கிப் புதுச் செடி வைக்க அரசாங்கம் மானியம் கொடுத்தது. உன் தோட்டத்தில் புதுச் செடி வந்தது. எங்கள் இரண்டு ஏக்கர் தண்டுத்துளைப்பான் பூச்சி விழுந்து பட்டுப்போனது. ஏன் இப்படி என்று ஊரில் கேட்டவர்களிடம், மாப்பிள்ளை வந்து மானியத்தை வாங்கிக் குடித்துத் தீர்த்துவிட்டார் என்று சொன்னாய். அவர் குடிக்கவே மாட்டார் என்று நான் சொல்லமாட்டேன். வருஷத்துக்கு ஒரு நாள், மாதா கோவில் திருவிழா முடிந்த மறுநாள் குடிப்பார், குடித்துவிட்டுப் படுத்துத் தூங்குவார். நீ சொன்னதை ஊர் நம்பியது. அம்மாவும் நம்பினாள். கடைசியாக என்னோடு போனில் பேசியபோது, "அந்தக் குடிகாரன் கையால ஒரு வாய்த் தண்ணிகூட எனக்கு வேண்டாம்ளா" என்றாள். ஒன்பது நாளில் செத்துப்போனாள்.

அடக்கத்தன்று பெட்டியைத் தூக்க அவரும் கை வைத்தார். நாற்பத்தொரு வீட்டு ஜனமும் பார்த்துக்கொண்டிருக்க, நீ அந்தக் கையைப் பிடித்து எடுத்துவிட்டாய். அவர் ஒதுங்கி வழிவிட்டார். கல்லறை வரைக்கும் கடைசி ஆளாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து வந்தார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவர் மலையைப் பற்றிப் பேசியதே இல்லை. நானும் பேசவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் உன்னிடம் சண்டைக்கு வந்தேன் இல்லையா. அப்போது நீ சொன்னாய்: "சந்தேகம்னா கவர்மென்ட்ட போய்க் கேளு." நீ சொன்னபடியே கேட்டேன். ஹார்பர் பக்கம் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் பதினாறு வருஷமாக மனு டைப் அடிக்கிறவளிடம் போய் அப்படிச் சொல்லியிருக்கிறாயே, உன் புத்தியை என்னவென்று சொல்வது.

பத்து ரூபாய்ப் போஸ்டல் ஆர்டர் வைத்து, மானியம் கொடுத்த ஆபீஸுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். முதல் மனுவைக் கோபத்தில் எழுதிக் கெடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தீர்கள், ஏன் விசாரிக்கவில்லை என்று எட்டு ஏன் கேட்டிருந்தேன். ஏன் என்ற கேள்விக்குப் பதில் தர இடமில்லை, ஆவணம் எது வேண்டும் என்று கேளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரிதான் என்று ஏப்ரலில் இரண்டாவது மனு: என் கணவர் ஜெஸ்டின் ஃபெர்னாண்டோ பேரில் மானியம் கேட்டு வந்த விண்ணப்பம், அதோடு வைத்த படம், ஆய்வு அறிக்கை, எல்லாவற்றுக்கும் நகல்.

ஒருவருடைய கோப்பை இன்னொருவர் கேட்டால், கொடுக்கலாமா என்று அந்த ஆளிடம் ஆபீஸ் கடிதம் போட்டுக் கேட்க வேண்டும். அந்த ஆளுக்குச் சட்டத்தில் மூன்றாம் நபர் என்று பெயர். ஜெஸ்டினுக்குத்தான் கடிதம் போட்டார்கள். ஆனால் விண்ணப்பத்தில் இருந்தது உன் வீட்டு விலாசம். நீ அதை அடுப்பில் போட்டிருந்தால் எனக்கு இன்னும் எத்தனை மாதம் ஆகியிருக்குமோ. உட்கார்ந்து பதில் எழுதினாய்.

இங்கே எனக்கு வந்த காகிதத்தில் என்ன இருந்தது தெரியுமா? மூன்றாம் நபரான ஜெஸ்டின் ஃபெர்னாண்டோ ஆட்சேபம் தெரிவித்திருப்பதால் தகவல் தர இயலாது. சீல் வைத்த காகிதம். என் புருஷன் என் மேல் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார். நான் ஆபீஸ் என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டேன், பக்கத்து சீட் பெனிஷா பயந்துபோனாள். அதற்குப் பிறகு பாத்ரூமுக்குள் போய் அழுதேன். அழுது முடித்து முகத்தைக் கழுவிவிட்டு மேல்முறையீடு டைப் அடித்தேன்.

ஜூலையில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அந்த மாதங்களில் தோணி ஓடாது, அவர் வீட்டில்தான் இருந்தார். வரமாட்டேன் என்றார். நாலு நாள் சோறு பொங்கிப் போட்டேன், பேச்சு மட்டும் இல்லை. ஐந்தாம் நாள் சட்டையைத் தேய்க்கச் சொன்னார். அங்கே மேல்முறையீட்டு அலுவலர் நல்ல மனுஷன். மூன்றாம் நபர் மறுத்திருக்கிறாரே அம்மா என்று ஆரம்பித்தார். அந்த மூன்றாம் நபர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார் சார் என்றேன்.

இவர் உள்ளே வந்து ஆதாரையும் தோணியில் கொடுத்த அடையாள அட்டையையும் மேசையில் வைத்தார். நீ எழுதின ஆட்சேபத்தை இவர் கையில் கொடுத்தார்கள். அதில் இருந்தது: எனக்கும் என் மனைவிக்கும் ஒத்து வராது, அவளுக்கு என் விவரம் எதையும் கொடுக்க வேண்டாம். மே மாதம் ஆறாம் தேதி. கீழே அவர் கையெழுத்து, நீ போட்டது. நிதானமாகப் படித்துவிட்டுச் சொன்னார்: "சண்ட போடுவோம் சார், இல்லன்னு சொல்லல. ஆனா அன்னைக்கி நான் மாலத்தீவுல சரக்கு இறக்கிட்டிருந்தேன்."

அதோடு முடிந்தது. கோப்பு முழுவதும் ஆகஸ்டில் கைக்கு வந்துவிட்டது. அதில் ஜெஸ்டின் ஃபெர்னாண்டோ, பயனாளி என்று எழுதிய படத்தில் நீ நிற்கிறாய் அண்ணே. பின்னால் உன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. உடம்பில் அவர் கொழும்பிலிருந்து உனக்கு வாங்கி வந்த நீலச் சட்டை. படத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். போலீசுக்குப் போவோம் என்றேன். "வுடு பிலோமி, அம்மா போயிட்டாவ. இனி யாருக்குக் காட்ட" என்று எழுந்து போய்விட்டார்.

அவரால் விட முடியும். என்னால் முடியாது. நாலு மாதம் அந்தக் கோப்பைப் பீரோவில் துணிக்கடியில் வைத்துக்கொண்டு, நீ போன் பண்ணும்போதெல்லாம் சிரித்துப் பேசினேன். கிறிஸ்துமஸ் அன்றும் பேசினேன். அவர் தோணி ஏறட்டும், அம்மாவின் வருஷத் திருப்பலி நெருங்கட்டும் என்று காத்திருந்தேன். உன் ஆட்சேபக் கடிதம் ஒன்று, படம் ஒன்று. இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்து, அடக்கத்துக்கு வந்த நாற்பத்தொரு வீட்டுக்கும் என் கையாலேயே விலாசம் எழுதினேன். சனிக்கிழமையே தபாலில் சேர்த்தாயிற்று. உனக்கு இந்தக் கடிதத்தை வேண்டுமென்றே இரண்டு நாள் பிந்தி அனுப்புகிறேன். நீ இதைப் பிரிக்கும்போது ஊர் படித்து முடித்திருக்கும். அம்மா ஒருத்திக்குத்தான் நகல் அனுப்ப வழியில்லை.

மானியத்தைத் திரும்ப வசூலிப்பது அந்த ஆபீஸ் பாடு, அவர்கள் கடிதம் தனியாக வரும். எனக்கு உன்னிடம் ஒரு காசு வேண்டாம். மதினி மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல். அனிஷாவுக்கு மாமன் முறை செய்ய நீ வரலாமா என்று அவளே கேட்டாள். அதை உன் மாப்பிள்ளைதான் சொல்ல வேண்டும், நான் சொல்லமாட்டேன்.

பதினோராம் தேதி திருப்பலிக்கு நானும் அனிஷாவும் வருகிறோம். உன்னைக் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். தோட்டத்தை விற்றுவிட்டுப் போய்விடாதே. கோயம்புத்தூரில் மகன் கூப்பிடுகிறான், உடம்புக்கு முடியவில்லை என்று எதையாவது சொல்லிக்கொண்டு ஊரை விட்டு இறங்கிவிடாதே. தினமும் கடைத்தெருவுக்குப் போ. பூசைக்குப் போ. சாவு வீட்டுக்குப் போ, பெட்டியைத் தூக்கக் கை நீட்டு.

உனக்கு ஒரு நோயும் வரக் கூடாது, கண் பார்வை மங்கக் கூடாது, காது அடைக்கக் கூடாது என்று பனிமய மாதாவிடம் மெழுகுதிரி ஏற்றி வேண்டிக்கொண்டு வந்திருக்கிறேன். நூறு வயசு வரைக்கும் மாதா உன்னை அந்த ஊரிலேயே நன்றாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை,
பிலோமி ஜெஸ்டின் ஃபெர்னாண்டோ.