யாழ்ப்பாணத்துக்குப் பதிலாகப் பேர்த்

ஓஸ்டர்முண்டிகன், சுவிஸ், 14 மே 1986, புதன்

ஒருவழியாக முடிந்தது. ஜெர்மன் வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் ஊரைச் சுற்றிக் காட்டுவதுபோல் பேச வேண்டும். அதைப் பார்த்துத்தான் மேல் வகுப்பில் சேர்ப்பார்கள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்; ஆனாலும் நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. யாழ்ப்பாணத்தைச் சொன்னால் அழுதும் விடுவேன். அதனால், நான் அறை துப்புரவாக்கும் ஹோட்டலில் யாரோ விட்டுப்போன சுற்றுலாக் கையேட்டைப் படித்து, ஸ்கொட்லாந்தின் பேர்த் நகரத்தைச் சொன்னேன். ஆற்றங்கரைப் பூங்கா, பழைய கல்பாலம், மயில்கள் உலாவும் அரண்மனை, மாலையில் ஏறிப் பார்க்க ஒரு குன்று. குரல் நடுங்கவில்லை.

"அங்கே போயிருக்கிறீர்களா?" என்று ஆசிரியை கேட்டார்.

இல்லை என்றேன்.

"பிறகு ஏன் அந்த ஊர்?"

"அங்கே ஒன்றும் நடக்கவில்லை."

அவர் பட்டியலில் என் பெயருக்கு நேரே குறியிட்டார். மேல் வகுப்புக்கு வரச் சொன்னார்.

வகுப்பில் என்னைத் தவிர ஒரே தமிழர் சிவம் அண்ணை; போன வருசம் தம்பியைக் கடலில் பறிகொடுத்தவர். பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருந்து, "மயிலெல்லாம் விட்டுக் கலக்கிப் போட்டாய், பிள்ளை" என்று சிரித்தார். இறங்கும்போது குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு என்ரை முறை. எனக்கும் ஒரு ஊர் பாத்துத் தாறியோ? கடல் இருக்கக் கூடாது."

ஓம் என்றேன். நித்திரை வருகிறது. விடியத்தான் தேட வேண்டும்.