கரும்பலகையின் மூன்றாம் வரி

அனுப்புநர்
த. சாருலதா, எம்.ஏ.,
வரலாற்று விரிவுரையாளர்,
ஓடைக்கரைத் தெரு, அடையாறு,
சென்னை – 600 020.

பெறுநர்
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
சென்னை.

பொருள்: ஓடைக்கரைத் தெரு பகுதி நேர நூலகம் – வாசகர் கரும்பலகை – ‘தணிக்கை’ என்னும் சொல்லுக்கு வாசகி ஒருவர் எழுதிய வாக்கியம் அழிக்கப்பட்டது – பரிகாரம் கோருதல் தொடர்பாக.

பார்வை: 3.11.1994 அன்று தாங்கள் ஆய்வுப் பதிவேட்டில் எழுதிய குறிப்பு: “கரும்பலகை நன்று.”

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் பாராட்டுக்கு எங்கள் வாசகர் வட்டத்தின் நன்றி. ஆனால் தாங்கள் கண்டது முழுப் பலகை அன்று என்பதைத் தெரிவிக்கவே இம்மனு.

2. அப்பலகையில் வாரம் ஒரு சொல்லும் அதன் பொருளும் எழுதுவது என் பொறுப்பு. சொல்லைப் பயன்படுத்தி வாக்கியம் எழுதுவது வாசகர்களின் உரிமை. சென்ற வாரச் சொல் ‘தணிக்கை’. “எழுதியதிலோ பேசியதிலோ காட்டியதிலோ, பிறர் அறியக் கூடாது என்று ஒருவர் கருதும் பகுதியை நீக்குதல்” என்று பொருள் எழுதினேன். அதன் கீழே மூன்று வாக்கியங்கள் இருந்தன.

முதலாவது என்னுடையது: “போர்க்காலத்தில் சிப்பாய்களின் கடிதங்கள் தணிக்கை செய்யப்பட்டன.” சரியான வாக்கியம், யாரும் இரண்டாம் முறை படிக்கவில்லை.

இரண்டாவது, தையற்கடை ஷாஹுல் ஹமீது அவர்களுடையது: “தணிக்கை ஆன படம் பார்த்தேன், கதையையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள்.”

மூன்றாவது, ஊரூர் ஒல்காட் குப்பத்தில் வசிக்கும் மீன் விற்பனையாளர் திருமதி அந்தோணியம்மாள் எழுதியது: “என் மவன் கடுதாசிய மருமவ பாதி முழுங்கிட்டு படிக்கிறா. அது தணிக்கை.”

3. அந்தோணியம்மாளுக்கு வயது ஐம்பத்து மூன்று. முதியோர் கல்வி வகுப்பில் எழுத்துக் கற்று எட்டு மாதம் ஆகிறது. கூடை காலியானதும் அதை நூலகச் சன்னலுக்கு வெளியே வைத்துவிட்டு, கை கழுவி உள்ளே வருவார். நால்வர் பார்க்க அவர் எழுதிய முதல் வாக்கியம் அதுவே. எழுதி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. ஷாஹுல் ஹமீது எழுந்து நின்று கை தட்டினார்.

4. மறுநாள் தங்கள் ஆய்வு. நூலகப் பொறுப்பாளர் திரு. பாண்டுரங்கன் காலையிலேயே ஈரத்துணியால் மூன்றாம் வரியை மட்டும் துடைத்துவிட்டார். கேட்டதற்கு, “மேடம், மாமியா மருமவ சண்டைய எல்லாம் போர்டுல போட்டா எனக்குத்தான் மெமோ வரும்” என்றார். அவர் நல்லவர். சுண்ணக்கட்டி வாங்கித் தருவதும் அவரே. அவர் மேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்பதை இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

துடைத்ததாலும் பயனில்லை. பலகை முழுதும் வெளுத்திருக்க, அந்த ஓர் இடம் மட்டும் பளிச்சென்று கறுத்திருந்தது. வந்தவர் எல்லாம் அங்கே என்ன இருந்தது என்றுதான் கேட்டார்கள். மாலைக்குள் குப்பம் முழுதும் வாக்கியம் மனப்பாடம்.

5. சண்டை என்ற அச்சத்துக்கும் இடமில்லை. மருமகள் ஜெனிதா சிரித்துக்கொண்டே நூலகத்துக்கு வந்தாள். “எங்க அத்த என் மானத்த போர்டுல ஏத்திட்ச்சா? மஸ்கட்லேந்து ஏசுராஜு பொண்டாட்டிக்குன்னு நாலு வரி எய்துது. அத மாமியாருக்கு எப்பிடிக்கா படிச்சிக் காட்றது?” என்றாள். இதைத் தணிக்கையில் சேர்க்கலாமா, வெட்கத்தில் சேர்க்கலாமா என்று எனக்கு இன்னும் தெளியவில்லை. நான் எழுதிய பொருளைத் திருத்த வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது.

6. என் குறை இனிமேல்தான். அந்தோணியம்மாள் ஒன்பது நாளாக நூலகத்துக்கு வரவில்லை. நேற்று அவரிடம் சங்கரா மீன் வாங்கினேன். சுற்றிக் கொடுத்த தாள் அவருடைய பயிற்சி நோட்டின் தாள். அதில் ‘ழு’ என்ற எழுத்து வரிவரியாக நாற்பது முறை இருந்தது. பதறிக் கேட்டேன். “எந்த எய்த்து தப்புன்னு சொல்லியிருந்தா திருத்தியிருப்பேன்மா. லைப்ரரி சாரு மொத்தமா அய்ச்சிட்டாரு. அப்போ அத்தினியும் தப்புதானே? எனுக்கு இது வராது வுடு. இன்னும் மீனு எட போடவா?” என்றார்.

தப்பே இல்லை என்று சொன்னேன். “நீ நல்லவ, அப்பிடித்தான் சொல்லுவே” என்று அடுத்தவருக்கு மீன் நிறுக்கத் திரும்பிவிட்டார். இருபது ஆண்டுகளாக வகுப்பில் பலகையை அழித்து வருகிறேன். அழிப்பதை எதிரே இருப்பவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. புதிதாக எழுதக் கற்றவருக்கு அழித்தல் என்றால் பிழை; வேறு பொருள் அவருக்குத் தெரியாது.

7. ஆகவே, 14ஆம் தேதி தொடங்கும் நூலக வாரம் முடிவதற்குள், மூன்றாம் வரியை அவர் மீண்டும் எழுத அனுமதிக்கவும், அதில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை என்று தங்கள் அலுவலக முத்திரையுடன் ஒரு கடிதம் அனுப்பவும் வேண்டுகிறேன். நான் சொன்னால் அவர் நம்பமாட்டார். முத்திரை சொன்னால் நம்புவார். (சுற்றிய தாளைக் கழுவி உலர்த்தி இணைத்துள்ளேன். வாசனைக்கு மன்னிக்கவும்.)

கடிதத்தை எனக்கு அனுப்ப வேண்டாம். ‘திருமதி அந்தோணியம்மாள், ஊரூர் ஒல்காட் குப்பம்’ என்று அவர் பெயருக்கே, சற்றுப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்புங்கள். அதை அவரே பிரித்து, ஒரு சொல்லும் விடாமல், ஜெனிதாவுக்குப் படித்துக் காட்டட்டும்.

பதிலை எதிர்நோக்கும் வாசகி,
த. சாருலதா

இடம்: அடையாறு
நாள்: 12.11.1994

இணைப்பு: நோட்டுத் தாள் ஒன்று.