ஓம் என்றால் ஓம்தான்

லிங்கநகர்,
திருகோணமலை.

அன்பு மகன் சாரங்கனுக்கு,

அம்மா எழுதுகிறேன். பத்திரகாளி அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கு நல்ல சுகம், நீயும் அந்த நோர்வேக் குளிருக்குள் தடிமன் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அவளிடமே சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கையால் கடிதம் எழுதிக் கனகாலம், எழுத்துக் கோணல் மாணலாக வந்தால் சிரிக்காதே. கோணலாக இருந்தாலும் நான் எழுதினதுதான் இதில் நிற்கும், எழுதாத சொல் ஒன்றும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது, அந்த நம்பிக்கையில்தான் தபால் கந்தோருக்குப் போய் உறை வாங்கி வந்தேன். நேற்று நீ போனில் என் விளக்கத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது. ஆனால் தனுஷிகா நம்பவில்லை, மாமிக்கு என்னைப் பிடிக்கேல்ல, போனில பழியைப் போட்டுச் சமாளிக்கிறா என்று அழுகிறாள் என்று நீ சொன்னதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே இந்தக் கடிதம் பாதி உனக்கு, பாதி அவளுக்கு. நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன், அவளைப் பக்கத்தில் இருத்தி வாசித்துக் காட்டு.

நீ எங்கள் இரண்டு பேருக்குமாக அனுப்பின போன் நல்ல போன்தான், குறை எல்லாம் உன் அப்பாவிடம். துறைமுகத்தில் வேலை செய்து பென்சன் எடுத்த மனுஷனுக்கு இப்போது முழுநேர வேலை மரண அறிவித்தல் பார்ப்பது. காலையில் தேத்தண்ணியோடு கதிரையில் இருந்தார் என்றால் கனடாவில் செத்தவர், பிரான்சில் செத்தவர், தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் கீழே ஓம் சாந்தி என்று போட்டுக் கும்பிடுகிற கை ஒன்றும் வைப்பார். ஆரப்பா இவர் என்று கேட்டால், தெரியாது, பாவம், நல்ல முகமாக் கிடக்கு என்பார். அந்தப் போன் இதைப் பாடமாக்கி வைத்திருக்கிறது. ஓம் என்று அடித்தால் போதும், சாந்தியையும் கையையும் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும், விரல் பட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும். இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும். எனக்குப் போனில் அடிக்கத் தெரிந்ததே ஒரேயொரு சொல், எதற்கும் சம்மதம் சொல்கிற அந்த ஓம்.

அன்று நீ அனுப்பினதைக் குசினிக்குள் நின்று வாசித்தேன். தனுஷிகா வெருகல் பக்கத்துப் பிள்ளை, முன்பு ஒரு கல்யாணம் செய்து சரிவராமல் பிரிந்தவள், அவளைத்தான் கட்ட விருப்பம், உங்களுக்கு ஓமா இல்லையா அம்மா என்று கேட்டிருந்தாய். இவ்வளவு காலமும் நான் கேட்டுக் கேட்டு அலுத்த பிறகு நீயாக ஒரு பெண்ணின் பேரைச் சொல்லியிருக்கிறாய், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கண் நிறைந்ததால்தான் வினை. அடுப்பில் சொதி பொங்குகிறது, கண்ணாடி எங்கேயோ, ஓம் என்று அடித்து அனுப்பினேன். மீன் கொண்டுவருகிற கிண்ணியா ஹஸன், பாரை கிடக்கு, கொண்டுவரவா அக்கா என்று கேட்டிருந்தான், அதே கையோடு அவனுக்கும் ஒரு ஓம் அனுப்பிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் ஹஸன் வந்தான். மீன்பெட்டி இல்லை, செத்தவீட்டுக்குப் போகிறவன் மாதிரி நல்ல சேர்ட் போட்டிருக்கிறான், கேற்றடியில் நின்று மெதுவாக, என்னக்கா, ஊட்ட ஆரும் மௌத்தா என்று கேட்கிறான். உள்ளேயிருந்து அப்பா, மீன் வந்திட்டுதா என்று கேட்டபடி வர, அவரைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்து அல்ஹம்துலில்லாஹ் என்றான். பிறகு தன் போனைக் காட்டினான். பாரை வேண்டுமா என்று கேட்டவனுக்கு நான் ஓம் சாந்தி என்று போட்டுக் கும்பிட்டிருக்கிறேன். மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உனக்கும் ஓம் அனுப்பினது ஞாபகம் வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால் உனக்கும் அதேதான் போயிருக்கிறது, உன் கல்யாணத்துக்கே நான் அஞ்சலி செலுத்தின மாதிரி. கீழே உன் பதில், சரி அம்மா, விளங்குது. அவ்வளவுதான். அப்பா, பதறாதை, அழிச்சு விடலாம் என்று போனைப் பறித்தார். அதில் எனக்கு மட்டும் அழி, எல்லோருக்கும் அழி என்று இரண்டு கிடந்தது. எல்லோருக்கும் என்றால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயந்து மனுஷன் எனக்கு மட்டும் என்பதை அமத்தினார். என் கண்ணுக்கு மறைந்தது, உன்னிடம் அப்படியே நின்றது. வாயால் சொன்னால் போனே எழுதும் என்றார். அடிக்க ஏலாது மகன், பிழையாப் போயிட்டுது என்று சொன்னேன், அது ஏலக்காய் மகன் பிழைப்பு போச்சு என்று எழுதிவிட்டு நிற்கிறது. எங்கள் தமிழ் அதன் காதில் ஏறாது போல. நானாகப் போன் எடுத்தால் நீ தூக்கவில்லை. நேற்று நீயாக எடுக்கும் வரை நான் பட்ட பாடு அந்த அம்மனுக்குத்தான் தெரியும்.

இனி இது தனுஷிகாவுக்கு. பிள்ளை, நான் உன்னை இன்னும் கண்டதில்லை, ஆனால் நீ அழுதாய் என்று கேட்டு நானும் அழுதேன். எனக்கு விருப்பமில்லை என்றால் சாந்தி போட்டுப் பூசி மெழுகிக்கொண்டிருக்க மாட்டேன், முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன், அதற்கு என்னோடு இவ்வளவு காலம் குடும்பம் நடத்தின மனுஷன் சாட்சி. முன்பு ஒருத்தரோடு சரிவரவில்லை என்பது நீ தலை குனிந்து திரிய வேண்டிய விஷயம் இல்லை, இந்த வீட்டில் அதை ஒருவரும் உன்னிடம் கேட்கவும் மாட்டார்கள். இன்னும் நம்பிக்கை இல்லை என்றால் ஹஸனைக் கேட்டுப் பார். அவன் அந்த மெசேஜை அழிக்காமல் கண்டவர் நின்றவர் எல்லாருக்கும் காட்டித் திரிகிறான். இப்போது மீன் சந்தையில் பாரைக்குச் சாந்தி மீன் என்று பேர் வைத்துவிட்டார்கள், எனக்கு அந்தப் பக்கம் போக வெட்கமாக இருக்கிறது.

சாரங்கன், வெருகல் முருகன் திருவிழாவுக்கு இரண்டு பேரும் லீவு எடுத்துக்கொண்டு வாருங்கள், அப்படியே அவளின் ஆட்களையும் கண்டு கதைக்கலாம். வெளியே போகும்போது கழுத்தை மூடிக் கட்டு, தலையில் எண்ணெய் வை. போனிலிருந்து அந்தச் சாந்தியை எப்படிக் கழற்றுகிறது என்று அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்க மறக்காதே. நீங்கள் இரண்டு பேரும் குறைவில்லாமல் நீண்ட காலம் சந்தோஷமாக வாழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். நீ கேட்ட கேள்விக்கு அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் கையாலேயே பதில் எழுதுகிறேன்.

ஓம்.

அன்பு அம்மா,
பத்மாசனி

கீழே அப்பாவும் ஏதோ எழுத வேண்டுமாம், நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நானும் ஓம். சாந்தி இல்லை.
அப்பா