ட்ரெயிலரை விட்டுவிட்டுப் போங்கள்

மோர்னிங்சைட், கனடா,
மாசி 9

என் மகளுக்கு,

"அப்பா, பாலைவனத்துக்கு அந்தக் கட்டில் வைச்ச ட்ரெயிலரையும் இழுத்துக்கொண்டு போறதோ, விட்டிட்டுப் போறதோ? நீங்கள்தான் சொல்லோணும்" என்று கேட்டிருக்கிறாய். அவுஸ்திரேலியா போன ஆறு வருடத்தில் நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது.

விட்டுவிட்டுப் போங்கள். முப்பது வருடம் கனடா முழுக்க ட்ரக் ஓட்டியவன் சொல்கிறேன். மணல்மேட்டில் பின்னால் பாரம் இருந்தால் ஏறுவதும் கஷ்டம், திரும்புவதும் கஷ்டம். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கூடாரம் போதும்.

ட்ரெயிலருக்குள் எனக்கென்று போட்ட கட்டிலை மாப்பிள்ளை ராகவன் படம் எடுத்து அனுப்பியிருந்தார். நான் படுத்துக்கொண்டு வாசிப்பேன் என்று தலைமாட்டில் ஒரு விளக்கு வேறு. அவர் எங்களைப்போல் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் இல்லை என்று சொல்லி, உங்கள் கலியாணத்துக்கே வராதவன் நான். அந்தப் படத்தை எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ட்ரக் சாவியைப் போன மாதம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இருமல்தான், நீ யோசிக்காதே. ஆடி மாதம் உங்களோடு பாலைவனத்துக்கு வரலாமா என்று டொக்டரிடம் கேட்டேன். அந்த டொக்டர்ப் பிள்ளை பேனையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் மட்டும் கூடுதலாகக் கொண்டு போங்கள். தண்ணீர்க் கானை, நீங்கள் எனக்கென்று ஒதுக்கிவைத்த பின்சீட்டில் வைத்து, பெல்ட்டைப் போட்டுவிடு.

உன் அப்பா