குல்லா போட்ட மார்கழி

வல்லக்கோட்டை,
16.12.2012, ஞாயிறு.

அன்பு செல்விக்கு,

உன் அத்தான் எழுதுவது. நானும் பூமாரியும் சுகப்பிரியாவும் சௌக்கியம். காவலர் பயிற்சி எப்படிப் போகிறது? கால்வலித் தைலம் தீர்ந்திருந்தால் எழுது, அனுப்புகிறேன். அங்கே போன் கூடாது என்றதும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது பார், கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பெண்டாட்டிக்கு லெட்டர் எழுதுகிறேன்! கம்பெனி லைனில் எல்லாரும் கிண்டல் செய்கிறார்கள்.

மார்கழி பிறந்துவிட்டது. ஒரகடம் ரோட்டில் பனி கொட்டுகிறது. கம்பெனி பஸ் காலை ஏழரைக்கும் லைட்டைப் போட்டுக்கொண்டுதான் வருகிறது. சூப்பர்வைசர் புருஷோத்தமன் நல்ல மனுஷன், உன் பயிற்சி முடிகிற வரைக்கும் எனக்குப் பகல் ஷிப்ட் மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டார். நான் பஸ் ஏறியதும் வீட்டுக்கார அம்மா சந்திரம்மாள் பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுகிறார். மற்றதெல்லாம் நான்தான். சமையல், குளியல், ஹோம்வொர்க், சண்டைக்குத் தீர்ப்பு, எல்லாம்.

முக்கியமான சேதி பிள்ளைகள் சடை. நீ கிளம்பும்போது அதற்குத்தானே அழுதாய்? கவலையை விடு. காருக்குள் ஓடுகிற முப்பது ஒயரை முறுக்குப் பிசகாமல் சேர்த்து டேப் சுற்றிக் கட்டுகிறவனுக்கு மூன்று புரி முடி எம்மாத்திரம்? விடியற்காலை கரண்ட் இருக்காது. இருட்டிலேயே பின்னிவிடுகிறேன். பூமாரிதான், "இன்னாப்பா, இவ்ளோ டைட்டா போட்டா கண்ணு மேல போவுது" என்கிறாள். இரண்டாம் வகுப்பிலேயே சங்கரன்கோவில்காரன் மகள் பேசுகிற மெட்ராஸ் பேச்சைக் கேட்டாயா!

சுகப்பிரியா முடிதான் பட்டாய் வழுக்குகிறது. ரிப்பன் நிற்பதில்லை. வாரத்துக்கு மூன்று ரிப்பன் வேனில் தொலைகிறது. நாலு வயசுக்காரியிடம் கோபித்து என்ன செய்ய? அதற்கும் ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்க்கலாமாமே. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா?

உன் அத்தான்,
சக்திகுமார்.


பயிற்சிப் பள்ளி,
21.12.2012.

அன்புள்ள அத்தானுக்கு,

செல்வியின் வணக்கம். கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். பக்கத்துக் கட்டில் சசிரேகாவுக்கும் படித்துக் காட்டினேன், அவள் சிரித்து உருண்டாள்.

நான் நன்றாக இருக்கிறேன். ஓட்டத்தில் எங்கள் அணியில் இரண்டாவது ஆள். ஆனால் இப்போது பார்க்க வர வேண்டாம் அத்தான். பிள்ளைகள் அழும், எனக்கும் தாங்காது. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். கொம்பையா அண்ணன் எழுதியிருக்கிறது. "பொட்டப்புள்ளைகள ஆம்பள எப்படிம்மா வளப்பான்? எங்கிட்ட கொண்டாந்து விடு, இல்லன்னா வேலைய விட்டுட்டு வீட்டைப் பாரு" என்று. நான் ரோஷத்தில், "என் புருஷன் நன்றாகப் பார்க்கிறார். ஒரு குறை என் காதில் விழுந்தாலும் அன்றைக்கே விலகி வந்துவிடுகிறேன்" என்று பதில் போட்டுவிட்டேன். என் வார்த்தையைக் காப்பாற்றுவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

சுகப்பிரியா முடி பத்திரம். எனக்கு இந்த வேலை கிடைத்தால் அவள் முடியைச் சாஸ்தாவுக்குத் தருவதாக நேர்ந்திருக்கிறேனே. பங்குனி உத்திரத்தன்று குலசாமி கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார்த்தி மொட்டை போடுகிற வரைக்கும் கத்தரி படக்கூடாது. அண்ணன் இப்போதே புதுத்துணி எடுத்து வைத்துவிட்டதாம்.

உங்கள் செல்வி.


வல்லக்கோட்டை,
29.12.2012, சனி.

அன்பு செல்விக்கு,

இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. உன் அண்ணனிடம் தைரியமாகச் சொல்லிக்கொள்.

தெருவில் எல்லா வாசலிலும் மார்கழிக் கோலம், நம் வாசல் மட்டும் மொட்டையாக இருந்தது. பூமாரி முகம் வாடிவிட்டது. வாடி மகளே என்று நானே மாவுக் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். எங்கள் கம்பெனிப் போர்டில் ஆணி ஆணியாக அடித்திருக்கும். எந்த ஆணிக்கு எந்தப் பக்கம் ஒயரைத் திருப்புவது என்பதுதான் வேலையே. சிக்குக் கோலமும் அதேதான், ஆணிக்குப் பதில் புள்ளி. ஸ்கேல் வைத்துப் பதினோரு புள்ளி வைத்தேன். சந்திரம்மாள் வாளியோடு வந்து பார்த்துவிட்டு, "இன்னாப்பா இது, ஆம்பள குந்திகினு கோலம் போடுற!" என்று மோவாயில் கை வைத்தார். மறுநாள் அவரே வந்து, "எங்க வூட்டாண்டையும் ஒண்ணு போட்டுடேன்" என்றார். இப்போது எனக்கு இரண்டு வாசல். பூமாரி புள்ளிக்குப் பொறுப்பு, சுகப்பிரியா பூசணிப்பூவுக்குப் பொறுப்பு.

பனி ரொம்ப அதிகம். சுகப்பிரியாவுக்குச் சளி பிடிக்கக்கூடாது என்று ஸ்ரீபெரும்புதூரில் சிவப்புக் குரங்குக் குல்லா வாங்கிப் போட்டுவிட்டேன். வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. பார்க்க ஜோராக இருக்கிறாள்.

பூமாரி தனியாக ஒரு சீட்டு எழுதி ஒட்டித் தந்திருக்கிறாள். அம்மாவுக்கும் அவளுக்கும் ரகசியமாம், நான் படிக்கக்கூடாதாம். சத்தியம் வாங்கிவிட்டாள். அப்படியே உள்ளே வைத்திருக்கிறேன்.

உன் அத்தான்,
சக்திகுமார்.

(ஒட்டிய சீட்டு, பென்சிலில்)

அம்மா, நான் பூமாரி. பாப்பாக்கு சடை இல்ல. ரிப்பன் நிக்கலன்னு அப்பா ஒயருக்கு சுத்துற கருப்பு டேப்ப சடைல சுத்துனாங்க. முடியெல்லாம் ஒட்டிக்கிச்சு. எண்ணெய் போட்டும் வரல. அப்பா கத்தரிக்கோல்ல இந்தப் பக்கம் வெட்டி, அந்தப் பக்கம் வெட்டி, சமமா வரலன்னு மறுபடி வெட்டி இப்ப காதுக்கு மேல கீது. அதான் குல்லா. அப்பா பாத்ரூம்ல அழுதாங்க. யார்கிட்டயும் சொல்லாதே. வரும்போது கலர் பென்சில் வேணும்.


பயிற்சிப் பள்ளி,
3.1.2013.

அத்தானுக்கு,

பூமாரி சீட்டைப் படித்தேன்.

டேப்பா அத்தான்? பிள்ளை தலையில் ஒயர் டேப்பா? மனுஷன் யாராவது செய்வானா? இந்த வேலைக்காக நேர்ந்த முடி அது. சாமிக்குச் சொன்னதை நம் கையாலேயே வெட்டிப் போட்டுவிட்டோம். இனி அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பேன்?

அதைக்கூட விடுங்கள். குல்லாவைப் போட்டு மூடிவிட்டு, "ஜோராக இருக்கிறாள்" என்று எனக்கு எழுதினீர்களே, அதுதான் நெஞ்சை அறுக்கிறது. வேறு என்னவெல்லாம் மூடி வைத்திருக்கிறீர்கள்? பிள்ளைக்குக் காய்ச்சலா? சாப்பிடுகிறாளா? இங்கே அணிவகுப்பில் நிற்கும்போது எனக்கு அந்தச் சிவப்புக் குல்லாதான் கண்ணில் தெரிகிறது. நேற்று இடது வலது தப்பி ஏச்சு வாங்கினேன்.

அண்ணனிடம் சொன்ன வார்த்தை இருக்கிறது. பொங்கல் முடிந்ததும் விலகல் கடிதம் கொடுத்துவிட்டு வருகிறேன். எழுதியும் வைத்துவிட்டேன்.

செல்வி.


வல்லக்கோட்டை,
7.1.2013, திங்கள்.

அன்பு செல்விக்கு,

நீ திட்டியது போதாது, இன்னும் திட்டு. ஆனால் அந்தக் கடிதத்தை மட்டும் கொடுத்துவிடாதே.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். இருபத்து மூன்றாம் தேதி ஞாயிறு வெட்டினேன். நேர்ச்சை எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் டேப் பசை முடியோடு இழுத்துக்கொண்டு பிள்ளை வீல் வீலென்று கத்துகிறாள், நான் என்ன செய்வேன். மறுநாளே உன் கடிதம் வந்தது. "கத்தரி படக்கூடாது" என்ற வரியைப் படித்ததும் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். பயந்துதான் மறைத்தேன். உனக்குப் பயந்து இல்லை, நீ வேலையை விட்டுவிடுவாயோ என்று பயந்து.

அதைத் தவிர மூடி வைத்தது ஒன்றுமில்லை. காய்ச்சல் இல்லை. இட்லி நாலு சாப்பிடுகிறாள். ஒரே ஒரு குறை, குல்லாவைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். பனிக்காக இல்லை. கண்ணாடியைப் பார்த்து, "நான் பையனாயிட்டேன், அம்மாவுக்கு என்னைத் தெரியாது" என்கிறாள். குளிக்கும்போதுகூட ஒரு கை தலையில்தான். அதை மட்டும் எனக்குச் சரிசெய்யத் தெரியவில்லை செல்வி. மற்றதெல்லாம் என்னால் முடியும். ஒரு தப்பு செய்தேன், அதற்காக என்னைக் கையாலாகாதவன் என்று நினைத்துவிடாதே.

காவலர் தேர்வுக்காகக் கோயில் ரோட்டில் நீ ஓட, நான் சைக்கிளில் பின்னாலேயே வந்து நேரம் பார்த்தது நினைவிருக்கிறதா? சுகப்பிரியா முன் கம்பியில், பூமாரி கேரியரில். "ஓடும்மா, ஓடும்மா" என்று தொண்டை கட்டக் கத்தினார்களே, அது அவர்களுடைய வேலையும்தான். முடி வளர்ந்துவிடும். இந்த வேலை போனால் திரும்ப வராது. உன் அண்ணனுக்கு நானே எழுதிவிட்டேன். தப்பு என்னுடையது, ஏசுவதானால் என்னை ஏசுங்கள் மச்சான், தங்கச்சியைக் கூப்பிடாதீர்கள் என்று.

நீ வராதே. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அத்தான்,
சக்திகுமார்.


பயிற்சிப் பள்ளி,
11.1.2013.

அன்புள்ள அத்தானுக்கு,

விலகல் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

உங்களை ஏசின வாயால் இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள் என்றேனே, பிள்ளைகள் அழும் என்று. அது பொய் அத்தான். வந்த முதல் வாரமே என் முடியை வெட்டிக்கொண்டேன். அவ்வளவு முடியைக் கொண்டை போட்டு வலைக்குள் திணிப்பதற்குள் காலை விசில் அடித்துவிடுகிறது. இரண்டு நாள் வரிசைக்குப் பிந்தினேன். மூன்றாம் நாள் சசிரேகாவிடம் கத்தரியைக் கொடுத்துவிட்டேன். எனக்கும் இப்போது காதுக்கு மேலேதான். என் சடையைப் பற்றி நீங்கள் எப்படிப் பெருமையடிப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? உங்கள் முகம் வாடுமே என்று பயந்து நானும் மூடித்தான் வைத்தேன்.

வெட்டின சடையை எறியவில்லை. மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பங்குனி உத்திரத்தன்று அதைச் சாஸ்தா காலடியில் வைப்போம். அதற்குள் சுகப்பிரியாவுக்கும் கொஞ்சம் வளர்ந்திருக்கும், அதை அண்ணன் மடியில் வைத்து இறக்கிவிடலாம். வேலை கிடைத்தது எனக்கு, என் முடியும் சேர்ந்து போவதுதான் நியாயம். அண்ணனுக்கும் இதையே எழுதிவிட்டேன். கத்தும், கத்தட்டும்.

பொங்கலுக்கு வாசலில் பெரிய கோலமாகப் போடுங்கள். சந்திரம்மாள் வீட்டுக்கும்தான்.

இருபதாம் தேதி ஞாயிறு, பத்து மணிக்குப் பார்க்க விடுவார்கள். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பூமாரிக்குக் கலர் பென்சில் வாங்கி வைத்திருக்கிறேன். வாசல் வரைக்கும் சுகப்பிரியா குல்லாவோடு வரட்டும், வற்புறுத்த வேண்டாம். நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பேன். அவள் பார்க்கட்டும்.

உங்கள் செல்வி.