பாராசூட் துணியில் ஒரு ஞானஸ்நானச் சட்டை

ஜூலை 8, செவ்வாய்
வெயிலும் இல்லை, மழையும் இல்லை. காற்று மட்டும். காயப்போட்ட துணியைப் பக்கத்து வீட்டில் போய்ப் பொறுக்க வேண்டியிருக்கிறது. ஞாயிறு என் பயலுக்கு ஞானஸ்நானம். மாமனார் பீரோவிலிருந்து குடும்பச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். அவர், என் வீட்டுக்காரர் ஜெரோம், நாத்தனார், எல்லோருக்கும் ஞானஸ்நானம் இதே சட்டையில்தான். "பட்டுத் துணிம்மா, பாத்துத் தொவை."

தறிக்காரர் வீட்டுப் பெண்ணிடமா பட்டு? ஓரத்தில் தொங்கிய நூலைக் கிள்ளிக் கொளுத்திப் பார்த்தேன். பட்டென்றால் முடி கருகும் நாற்றம் வர வேண்டும். இது உருகி, உருண்டு, இறுகிவிட்டது. நைலான். மாமனார் பிறந்த காலத்தில் இந்தச் சூரமங்கலத்தில் நைலான் ஏது?

ஜூலை 9, புதன்
வாங்க: டயப்பர், மெழுகுவத்தி. கேக் சொல்ல வேண்டும்.

மாமாவிடம் கேட்டேவிட்டேன். பாராசூட் துணியாம். அவருடைய அப்பா பர்மா யுத்தத்தில், குண்டு போடும் விமானத்தில் வயர்லெஸ்காரர். விமானம் தீப்பிடித்ததில் அவருடைய பாராசூட் கருகிவிட்டது.

"பைலட்டு தன்னோடதைக் கழட்டி அப்பாவுக்கு மாட்டிவிட்டாரும்மா. எல்லாரும் குதிக்கற வரைக்கும் பிளேன ஆடாமப் புடிச்சிருந்தாரு. அவரு குதிக்கல."

பேர்? தெரியாது. கேட்டால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவாராம். வருஷா வருஷம் சர்ச்சில் காசு கொடுத்து, 'பைலட்டு' என்று படிக்கச் சொல்லிப் பூசை மட்டும் வைப்பார். இப்போது மாமா வைக்கிறார். என்ன வயசு? எந்த ஊர்? வெள்ளைக்காரரா, நம்மவரா? கல்யாணம் ஆனவரா? மண்டை குடைகிறது. அந்த மனுஷன் இல்லையென்றால் மாமா இல்லை, ஜெரோம் இல்லை, பயல் இல்லை.

ஜூலை 10, வியாழன்
பிறந்த வீட்டுக்கு, வெண்ணந்தூருக்கு ஃபோன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அம்மாவிடம் எல்லாம் உளறிவிட்டேன்.

"செத்தவங்க துணியப் பச்சப் புள்ளைக்குப் போடுவாங்களா சாமி? அதப் போட்டா நான் வாரல."

வைத்துவிட்டாள். மாதா கோயிலில் நடந்தது என்று எங்கள் கல்யாணத்துக்கே வராதவள். இதற்கும் வராவிட்டால் இனி எதற்கு வருவாள்? பயமாக இருக்கிறது. மாமா, "உங்கம்மா வரட்டும். வேற சட்டை போட்டுக்கலாம்" என்றார். முகம் சுண்டிவிட்டது. வேறு சட்டைதான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

ஜூலை 12, சனி
அம்மா வந்துவிட்டாள், கையில் புதுச் சட்டையோடு. பழையதைக் காட்டச் சொன்னாள். தையலைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மாமாவிடம்,

"ஏனுங்கண்ணா, அந்தப் பையனப் பெத்தவளுக்கு யாராச்சும் சொன்னாங்களா, அவன் இப்பிடித்தான் போனான்னு?"

"தெரியலீங்கம்மா."

"அவளுக்குப் பூசை வெச்சீங்களா?"

மாமா இல்லையென்று தலையாட்டினார். இத்தனை கேள்வி கேட்ட எனக்கும் இது தோன்றவில்லை.

ஜூலை 13, ஞாயிறு
பழைய சட்டையையே அம்மா மாட்டிவிட்டாள். தண்ணீர் பட்டதும் பயல் வீறிட்டான். எல்லாம் முடிந்து மற்றவர்கள் கேக் வெட்டப் போக, அம்மா மட்டும் ஃபாதர் முன்னால், செருப்பைக் கழற்றிவிட்டு. பூசைக்குக் காசு கொடுக்கிறாள்.

"யார் பேருக்கும்மா?"

"பேரு தெரியாதுங்க சாமி. பைலட்டோட அம்மான்னு படிங்க."